செட்டில்மென்ட் பணமும் வரி பயமும்

(2026 ஜனவரியில், திருவொற்றியூரில் ஓய்வுபெற்றவர்களும் ஓய்வை நெருங்குகிறவர்களும் கூடியிருந்த அவையில் ஒரு வரி ஆலோசகர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பட்டினத்தார் அடங்கிய ஊரில் நின்றுகொண்டு, பணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று பேசுவதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். அவர் துறந்தது வணிகத்தில் குவித்த செல்வம் என்பார்கள். நம்முடையது அப்படியில்லை. மாதாமாதம் சம்பளத்தில் 12 சதவீதம் பிடித்து, முப்பது வருடம் கழித்துக் கைக்கு வருகிற பணம். இதைத் துறந்துவிட்டு வீட்டுக்குப் போனால் பதில் சொல்ல முடியாது.

ராயபுரத்தில் கிளம்பி எண்ணூர் வரை போனால், நம் நாட்டில் இருக்கிற எல்லா வகை ஓய்வூதியத்தையும் வழியிலேயே பார்த்துவிடலாம். துறைமுகத்தில் 2004க்கு முன் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன், பின்னால் வந்தவர்களுக்கு என்.பி.எஸ். 1946இல் ரப்பர் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எப்., 1948இல் வந்த அசோக் லேலண்ட், 1955இல் வந்த என்ஃபீல்டு என்று பெரிய ஆலைகள் வரிசையாக இருக்கின்றன. ஆலைத் தொழிலாளிக்குப் பி.எப்., 1995ஆம் வருடத்து இ.பி.எஸ். பென்ஷன், கிராஜுவிட்டி. பல தனியார் கம்பெனிகளில் அதிகாரிகளுக்கு சூப்பர்ஆனுவேஷன் என்று தனியாக ஒரு நிதி. மணலியில் பொதுத்துறை. கண்டெய்னர் யார்டுகளில் காண்ட்ராக்ட். ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டுக்காரர்கள் ஒரே வயதில் ஓய்வுபெற்றாலும், ஒருவருக்குச் சொன்ன யோசனை இன்னொருவருக்குப் பொருந்தாது. டீக்கடையில் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்று பேசப்போவது கணக்கு மாற்றம் பற்றி. பழைய பி.எப்.பிலிருந்து புதிய பி.எப்.புக்கு, சூப்பர்ஆனுவேஷனிலிருந்து என்.பி.எஸ்.சுக்கு, மாத பென்ஷனில் ஒரு பங்கை மொத்தத் தொகையாக, மொத்தத் தொகையைத் திரும்பக் கட்டி மாத பென்ஷனாக. நான்கும் மாற்றம்தான். நான்கையும் வரிச் சட்டம் நான்கு விதமாகப் பார்க்கிறது. பிரிவு எண்களைச் சொல்லி உங்களைக் குழப்பப்போவதில்லை. 1961ஆம் வருடச் சட்டம் போய், 2025ஆம் வருட வருமான வரிச் சட்டம் வருகிற ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. எண்கள் எல்லாம் மாறிவிடும். அடுத்த மாதம் பட்ஜெட்டும் இருக்கிறது. இன்று நான் சொல்வது இன்றைய நிலை.

முதலில் ஒரு தொகையை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 1,06,250 ரூபாய். இந்த நிதியாண்டில், புதிய வரி முறையில், பென்ஷன் தவிர வேறு வருமானம் இல்லாத ஒருவர் மாதம் இவ்வளவு பென்ஷன் வாங்கினாலும் வரி கிடையாது. வருடத்துக்கு 12,75,000. அதில் 75,000 நிலைக்கழிவு. மீதி 12 லட்சத்துக்கு வருகிற வரி 60,000 ரூபாய், அது முழுவதும் தள்ளுபடி. இந்த அவையில் மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் பென்ஷன் வாங்குகிறவர்கள் கை தூக்குங்கள் என்றால் எத்தனை கை எழும்? ஆனால், "இதில் போட்டால் வரி மிச்சம்" என்று ஏஜென்ட் சொன்னதைக் கேட்டு, தேவையே இல்லாத பாலிசியில் செட்டில்மென்ட் பணத்தைப் பூட்டியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் பாதி அவை கை தூக்கும். வராத வரிக்குப் பயந்து பணத்தை முடக்குவதுதான் நம் பகுதியில் நடக்கிற பெரிய நஷ்டம். வரியால் போவதைவிட இதில் போவது அதிகம்.

இதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. மனை விற்ற லாபம், பங்கு விற்ற லாபம் போன்ற தனி விகித வருமானத்துக்கு இந்தத் தள்ளுபடி உதவாது. எர்ணாவூரில் வாங்கிப்போட்ட மனையை விற்கிற வருடத்தில் என் 1,06,250 கணக்கைக் காட்டி வாதாடாதீர்கள்.

இனி காண்ட்ராக்ட் தொழிலாளர்கள் விஷயம். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். எதிரே இருப்பவர்களில் பலர் ஓய்வுபெற்றுவிட்டீர்கள். உங்கள் பிள்ளைகளுக்காகக் கேளுங்கள்.

ஒரு பையன் கண்டெய்னர் யார்டில் வேலை செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். இடம் மாறவில்லை, வேலை மாறவில்லை. ஆனால் காண்ட்ராக்டர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறார். ஒவ்வொரு முறையும் பி.எப்.பை எடுத்துவிடுகிறான். தங்கை கல்யாணம், வண்டி முன்பணம், ஏதோ ஒன்று. காசு கைக்கு வருகிறது. என்ன போகிறது?

ஐந்து வருடத் தொடர் பணி முடியாமல் பி.எப்.பை எடுத்தால் அது வரிக்கு உட்பட்ட வருமானம். முதலாளி பங்கும் அதன் வட்டியும் சம்பளமாகக் கருதப்படும். அவன் பங்குக்கு முன்பு வரிக்கழிவு வாங்கியிருந்தால் அதுவும் திரும்பிவிடும். தொகை 50,000 அல்லது அதற்கு மேல் என்றால் 10 சதவீதம் டி.டி.எஸ். பான் எண் இணைக்கவில்லை என்றால் 20 சதவீதம். வரி கட்டும் அளவு வருமானம் இல்லாதவன் 15ஜி படிவம் கொடுத்திருந்தால் பிடித்திருக்க மாட்டார்கள். கொடுக்காவிட்டாலும் ரிட்டர்ன் போட்டு வாங்கிவிடலாம். அவன் இரண்டையும் செய்வதில்லை. பணம் வந்ததே போதும் என்று போய்விடுகிறான்.

எடுக்காமல் புதிய காண்ட்ராக்டரின் கணக்குக்கு மாற்றியிருந்தால், பழைய இடத்து வருடங்களும் அந்த ஐந்து வருடக் கணக்கில் சேரும். மூன்று காண்ட்ராக்டர்களிடம் இரண்டிரண்டு வருடம் வேலை செய்தவனுக்கு ஆறு வருடம் ஆகிவிடும். அதன்பின் எடுத்தாலும் வரி இல்லை. ஐந்து வருடம் ஆகாவிட்டாலும், உடல்நலம் கெட்டு வேலை போனதாலோ, கம்பெனியே மூடப்பட்டதாலோ பணம் எடுக்க நேர்ந்தால் அதற்கும் வரி கிடையாது. மூடிய ஆலைகளை நிறையப் பார்த்த பகுதி இது. எண்ணூர் அனல்மின் நிலையமே 2017 மார்ச் 31இல் நின்றுபோனது. மூடிய இடத்தில் வேலை பார்த்ததற்கான கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இதெல்லாம் சின்ன நஷ்டம்தான். பெரிய நஷ்டம் பென்ஷனில். முதலாளி கட்டுகிற 12 சதவீதத்தில் 8.33 சதவீதம், 15,000 ரூபாய் சம்பள வரம்புக்கு உட்பட்டு, மாதம் 1,250 ரூபாய் வரை பென்ஷன் கணக்குக்குப் போகிறது. பத்து வருடம் முடித்தால் 58 வயதில் ஆயுளுக்கும் பென்ஷன். பி.எப். எடுக்கும்போது கூடவே 10சி படிவம் போட்டுப் பென்ஷன் பணத்தையும் எடுத்துவிட்டால் அந்த வருடங்கள் அழிந்துவிடும். அடுத்த காண்ட்ராக்டரிடம் பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். பன்னிரண்டு வருடம் உழைத்தவன் எடுக்காமல் இருந்திருந்தால், 15,000ஐப் பன்னிரண்டால் பெருக்கி எழுபதால் வகுத்தால், மாதம் 2,571 ரூபாய். இது பெரிய தொகையா என்று கேட்கலாம். அறுபது வயதில் மாத்திரைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. அவனுக்குப் பின் மனைவிக்கு விதவைப் பென்ஷனும் உண்டு.

வேலை விட்டால், பணத்துக்குப் பதில் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைக்கலாம் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. சைபர் சென்டரில் 200 ரூபாய் வாங்கிக்கொண்டு, பி.எப். எடுக்கிற 19ஆம் படிவத்தையும் 10சியையும் சேர்த்தே போட்டுவிடுகிறார்கள். கடந்த அக்டோபர் 13ஆம் தேதி பி.எப். மத்திய அறங்காவலர் குழு, வேலை போன பின் பென்ஷன் பணத்தை எடுக்கக் காத்திருக்க வேண்டிய காலத்தை இரண்டு மாதத்திலிருந்து 36 மாதமாக உயர்த்த முடிவு செய்தது. சங்கத்துத் தோழர்கள் பலர் இதை எதிர்க்கிறார்கள். என் பணத்தை நான் எடுக்க நீ யார் என்கிற கோபம் நியாயமானதுதான். ஆனால் பென்ஷன் பகுதியைப் பொறுத்தவரை நான் அந்த முடிவின் பக்கம்தான் நிற்பேன்.

கணக்கை மாற்றுவதில் இருக்கிற சிக்கல்களையும் சொல்ல வேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டு யு.ஏ.என்., அதாவது இரண்டு பி.எப். அடையாள எண். ஆதாரில் ஒரு பெயர், கம்பெனிப் பதிவில் இன்னொரு பெயர். பழைய காண்ட்ராக்டர் வேலை விட்ட தேதியைப் பதியாமல் இழுத்தடிப்பார். கடைசிப் பங்களிப்புக்குப் பின் இரண்டு மாதம் ஆனால் அந்தத் தேதியை நீங்களே இணையத்தில் பதியலாம். காண்ட்ராக்டர் பணமே கட்டவில்லை என்றால், வேலை வாங்கிய முதன்மைக் கம்பெனிக்கும் பொறுப்பு உண்டு. ராயப்பேட்டை பி.எப். அலுவலகத்துக்குப் போவதற்கு முன் சங்கத்து மூலம் அந்தக் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற பின் பி.எப்.பை எடுக்காமலே வைத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள். 8.25 சதவீத வட்டி, வரியும் இல்லை, ஏன் எடுக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறார்கள். இதில் பாதிதான் சரி. வேலையில் இருந்த காலத்து வட்டிக்குத்தான் விலக்கு. விட்ட பின் சேருகிற வட்டி வரிக்கு உட்பட்டது. பெங்களூருவில் ஒருவர் 2002இல் ஓய்வுபெற்றார். அப்போது கணக்கில் இருந்தது 37 லட்சம் சொச்சம். ஒன்பது வருடம் கழித்து எடுத்தபோது 82 லட்சம். இடையில் சேர்ந்த வட்டிக்கு வரி உண்டு என்று வருமான வரித் தீர்ப்பாயம் 2017இல் சொல்லிவிட்டது. வட்டியே ஒரு கட்டத்தில் நின்றுவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். 58இல் ஓய்வுபெற்றால் மூன்று வருடத்துக்குள் எடுத்துவிடுங்கள்.

அடுத்து, அதிகாரிகளின் சூப்பர்ஆனுவேஷன். பெரும்பாலும் எல்.ஐ.சி.யிடம் இருக்கும். ஓய்வின்போது, கிராஜுவிட்டி வாங்கியவராக இருந்தால், மூன்றில் ஒரு பங்கை வரியில்லாமல் மொத்தமாக எடுக்கலாம். மீதிக்கு மாத ஆனுவிட்டி. இந்த நிதியை அப்படியே என்.பி.எஸ்.சுக்கு மாற்றினால் மாற்றுகிற அன்று வரி இல்லை. 2016ஆம் வருட நிதிச் சட்டம் அதற்கு வழி செய்தது. மாற்றிய தொகை அந்த வருட வருமானமாகவும் ஆகாது, அதற்குக் கழிவும் கிடைக்காது. 60 வயதில் என்.பி.எஸ்.ஸிலிருந்து 60 சதவீதம் வரியில்லாமல் எடுக்கலாம். 15 லட்சம் இருந்தால், பழைய வழியில் 5 லட்சம் கைக்கு வரும்; புதிய வழியில் 9 லட்சம். இரண்டு வழியிலும் மீதியின் மாத வருமானம், நான் முதலில் சொன்ன வரம்புக்குள்தான் பெரும்பாலும் நிற்கும். அதனால் இதில் உங்களுக்கு வரி மிச்சம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. கூடுதலாக 4 லட்சம் உங்கள் கையில் இருக்கும் என்பதுதான் லாபம். அந்த 4 லட்சம் கையில் இருந்தால் மருமகன் கேட்பான் என்று பயப்படுகிறவர்கள் ஆனுவிட்டியிலேயே இருங்கள். நான் கேலி செய்யவில்லை. பணத்தைத் தன் கைக்கு எட்டாமல் வைப்பது சிலருக்குத் தேவைதான்.

என்.பி.எஸ்.சுக்கு மாற்றுவதை வேலையில் இருக்கும்போதே, கம்பெனி வழியாகத்தான் செய்ய வேண்டும். ஓய்வுக்கு மறுநாள் வந்து கேட்டால் யாராலும் உதவ முடியாது.

போன மாதம் ஓய்வூதிய ஆணையம் விதியை மாற்றியிருக்கிறது. அரசு ஊழியர் அல்லாதவர்கள் இனி என்.பி.எஸ்.ஸில் 80 சதவீதம் வரை மொத்தமாக எடுக்கலாம். 20 சதவீதத்துக்கு ஆனுவிட்டி வாங்கினால் போதும். ஆனால் வரிச் சட்டத்தில் விலக்கு என்று எழுதியிருப்பது 60 சதவீதத்துக்குத்தான். இடையில் இருக்கிற 20 சதவீதம் வரிக்கு உட்பட்டது என்று வைத்துத் திட்டமிடுவதே பத்திரம். அதே 15 லட்சத்தில் அது 3 லட்சம். ஓய்வுபெறுகிற வருடத்திலேயே எடுத்தால், பத்து மாதச் சம்பளம், லீவு சரண்டர் பணத்தில் விலக்குக்கு மேற்பட்ட பகுதி எல்லாவற்றோடும் சேர்ந்து வரியில் மாட்டும். ஏப்ரல் வரை பொறுத்து அடுத்த நிதியாண்டில் எடுத்தால், பென்ஷன் 4 லட்சமும் இந்த 3 லட்சமும் சேர்ந்து 7 லட்சம். வரி பூஜ்யம். பொறுக்க வேண்டியது சில மாதம்தான்.

அமெரிக்காவில் இருக்கிற பிள்ளைகள் தொலைபேசியில் 'ராத் கன்வர்ஷன்' என்று பேசுவதன் அடிப்படையும் இதுதான். ராத் என்பது அங்கே 1997ஆம் வருடச் சட்டத்தில் வந்த ஓய்வுக் கணக்கு, வில்லியம் ராத் என்கிற செனட்டரின் பெயரால் வழங்குகிறது. வரியைத் தள்ளிப்போட்ட பழைய ஓய்வுக் கணக்கை ராத் கணக்காக மாற்றினால், மாற்றுகிற வருடத்திலேயே வரி கட்டிவிட வேண்டும். பின்னால் விதிப்படி எடுக்கும்போது வரி இல்லை. ஆகவே வருமானம் குறைந்த வருடமாகப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவார்கள். நம் பி.எப்.பில் பழைய வரி முறையில் போகும்போதும் விலக்கு; எந்த முறையிலும் விதிப்படி வரும்போது விலக்கு. இப்படி மாற்றவேண்டிய தேவை நமக்கு இல்லை. அந்தப் பிள்ளை ஊரோடு வந்துவிடுவதாக இருந்தால், மாற்றும் வேலையை எந்த வருடத்தில் செய்வது என்பதை இரண்டு நாட்டு வரியும் தெரிந்த ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு விமானம் ஏறட்டும்.

துறைமுகத்துக்காரர்களுக்கு வருகிறேன். உங்கள் பென்ஷனில் 40 சதவீதம் வரை கம்யூட்டேஷன் செய்யலாம், அதாவது விற்று மொத்தத் தொகையாக வாங்கலாம். சட்டத்தால் அமைந்த நிறுவனம் என்பதால் அந்தத் தொகைக்கு முழு விலக்கு. மூன்றில் ஒரு பங்கு என்கிற தனியார் வரம்பு உங்களுக்கு இல்லை. 30,000 அடிப்படைப் பென்ஷனில் 12,000ஐ விற்றால், அதைப் பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்கிட்டு, மத்திய அரசு அட்டவணையில் 61 வயதுக்கு உரிய 8.194ஆல் பெருக்கி, 11,79,936 ரூபாய் கிடைக்கும். பதினைந்து வருடத்தில் நீங்கள் விட்டுக்கொடுப்பது 21,60,000. விற்ற 12,000 பின்னர் திரும்ப வரும். இதை வரி மிச்சத்துக்காகச் செய்யாதீர்கள். 30,000 பென்ஷனுக்கு எப்படியும் வரியில்லை. கந்துவட்டிக் கடன் இருந்தால், மகள் கல்யாணச் செலவு இருந்தால், செய்யுங்கள். நீங்கள் விட்டுக்கொடுப்பதில் அடங்கிய வட்டிக்கு வெளியே யாரும் கடன் தரமாட்டார்கள். கையில் வேலை இல்லாத பணமாக வாங்கி வங்கியில் போடுவதற்கு என்றால் லாபமில்லை.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போவது இ.பி.எஸ். உயர் பென்ஷன், அதாவது 15,000 வரம்பு வைக்காமல் உண்மைச் சம்பளத்தில் போடுகிற பென்ஷன். இது பற்றி 2022 நவம்பர் 4இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் 2023 ஜூலை 11 வரை நீண்டது. நாடு முழுக்க 17 லட்சத்துக்கு மேல் விண்ணப்பம். உங்களில் பலர் போட்டிருக்கிறீர்கள். சிலருக்கு டிமாண்ட் லெட்டர் வந்துவிட்டது: இத்தனை லட்சம் திரும்பக் கட்டு, பென்ஷனை ஏற்றுகிறேன் என்று. கட்டலாமா என்பதுதான் வாசலில் என்னை நிறுத்திக் கேட்ட கேள்வி.

தோராயமாகப் போடுவோம். ஓய்வுக்கு முந்தைய 60 மாதச் சராசரி 42,000. பணி 20 வருடம், 20 முடித்ததற்காக 2 கூடுதல். 42,000ஐ 22ஆல் பெருக்கி 70ஆல் வகுத்தால் 13,200. உச்சவரம்பு 15,000 வைத்துப் பார்த்தால் 4,714. வித்தியாசம் மாதம் 8,486, வருடத்துக்கு ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். 2014 செப்டம்பருக்கு முன், பின் என்று பிரித்துப் போடும்போது இரண்டு தொகையும் குறையும். டிமாண்ட் 12 லட்சம் என்றால் எட்டரை சதவீத வருமானம் மாதிரி தெரிகிறது. ஆனால் முதல் திரும்பாது. இந்தப் பென்ஷனுக்குப் பஞ்சப்படியும் கிடையாது. பத்து வருடம் கழித்தும் அதே 13,200. உங்களுக்குப் பின் மனைவிக்குப் பாதி. உடம்பு நன்றாக இருந்து, வீட்டில் நீண்ட ஆயுள் உள்ளவர்கள் என்றால் கட்டலாம். 70ஐத் தாண்டி, சர்க்கரையும் இதயமும் தொல்லை தருகிறது என்றால், நான் கட்டச் சொல்ல மாட்டேன்.

"வரியில்லாத பி.எப்.பைக் கொடுத்து வரியுள்ள பென்ஷனை வாங்குவதா?" என்று ஒரு தோழர் கேட்டார். சட்டப்படி அவர் சொல்வது சரி. ஆனால் வருடத்துக்கு 1,58,400 ரூபாய் பென்ஷனில் அந்த வரி பூஜ்யம்தானே. கவலைப்பட வேண்டியது, ஏற்றிய பென்ஷனில் பழைய மாதங்களுக்கு வருகிற நிலுவைத் தொகையைப் பற்றித்தான். அது மொத்தமாக ஒரே வருடத்தில் வரும். வேறு பென்ஷனும் வட்டியும் உள்ளவர்கள் அந்த ஒரு வருடம் மட்டும் 12 லட்சத்தைத் தாண்டலாம். அப்போது நிலுவையை உரிய பழைய வருடங்களுக்குப் பிரித்துப் பார்த்து நிவாரணம் கேட்க வழியிருக்கிறது. 10இ படிவம். ரிட்டர்னுக்கு முன்னால் அதைப் போட்டாக வேண்டும். பின்னால் போட்டால் நோட்டீஸ் வரும்.

கடைசியாகத் தாய்மார்களுக்கு. "உன் பேரில் போட்டால் வரி இல்லை" என்று சொல்லி, வீட்டுக்காரர் 20 லட்சத்தை உங்கள் பெயரில் டெபாசிட் செய்திருப்பார். அந்த வட்டி சட்டப்படி அவர் வருமானத்தோடுதான் சேரும். நீங்கள் அறுபது வயதுக்குக் கீழே என்றால், வருட வட்டி 50,000ஐத் தாண்டியதும் வங்கி உங்கள் பான் எண்ணில் பிடித்தம் செய்யும். வருமானமோ அவர் கணக்கில் காட்டப்பட வேண்டும். இந்தக் குழப்பத்தோடு என்னிடம் ஜூலை கடைசியில் வருகிறீர்கள். ஆனாலும், வரி வராத குடும்பமாக இருந்தால், உங்கள் பெயரில் பணம் இருப்பதே நல்லது என்பது என் கட்சி. அவர் கணக்கில் சரியாகக் காட்டச் சொல்லுங்கள், போதும்.

அவர் பி.எப். கணக்கில் இ-நாமினேஷன் செய்திருக்கிறாரா என்று இன்று இரவே கேளுங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டு அப்படியே விட்டவர்கள் இங்கே கண்டிப்பாக இருப்பார்கள். கல்யாணம் ஆனதும் அந்தப் பழைய நியமனம் செல்லாது. புதிதாகச் செய்யாவிட்டால் வாரிசு ஆதாரங்களோடு நீங்கள்தான் அலைய வேண்டிவரும். வாசலில் மேசை போட்டிருக்கிறோம். ஆதாரும், ஓடிபி வருகிற போனும், பென்ஷன் ஆர்டர் நகலும் கையில் இருப்பவர்கள் அங்கே போய் உட்காருங்கள்.